சத்துமாவுக்குப் பதிலாகப் பணமா? தாய்மார், கைக்குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து உதவி பற்றி

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அங்கன்வாடி வழியாகக் கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் கொடுக்கப்படும் சத்துமாவை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடான தொகையைத் தாயின் வங்கிக் கணக்கில் செலுத்திவிடலாம் என்று இந்த மன்றத்தில் வேறோர் இழையில் சிலர் எழுதியிருந்தார்கள். அந்த இழை ரேஷன் அரிசியைப் பற்றியது என்பதால், அங்கே இதை நீட்டாமல் தனியாகத் தொடங்குகிறேன்.

1980-ஆம் ஆண்டு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கியின் உதவியோடு தொடங்கிப் பிறகு பல மாவட்டங்களுக்கு விரிந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பழைய திட்டத்தை இன்று பலரும் மறந்துவிட்டார்கள் என்பதால் அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவோம். எடை ஏறாமல் நின்றுபோன குழந்தையையும், இறங்கிய குழந்தையையும் மட்டும் தேர்ந்தெடுத்து, 90 நாளுக்கு மையத்திலேயே சத்துருண்டை ஊட்டச் செய்வோம். அந்த 90 நாளில் குறைந்தது 500 கிராம் ஏறிவிட்டால் உணவு நிற்கும். ஏறவில்லை என்றால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவோம். மோசமாக நலிந்த குழந்தைக்கு இரண்டு பங்கு. உருண்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. கொடுத்தால் அண்ணனும் அக்காளும் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் வழியில்லை, அவர்களும் பசித்தவர்கள்தான்.

ஊட்டச்சத்துப் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் குறிப்பிட வேண்டும். அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்தும் தன் குழந்தையை நன்றாக வளர்த்தவளாக இருந்தால் அவளுக்கு முன்னுரிமை. அப்படிப்பட்ட ஒருத்தி வாசலில் வந்து உட்கார்ந்து, "உன் பிள்ளை இந்த மாதம் 200 கிராம் இறங்கியிருக்கிறது, வயிற்றுப்போக்கு இருந்ததா, பால் குடிக்கிறதா, என்ன ஊட்டினாய்?" என்று கேட்கும்போது, தாய் பதில் சொல்லாமல் இருக்கமாட்டாள். சோறில்லை என்று யாரும் தட்டிக்கழிக்கவும் முடியாது, ஏனென்றால் கேட்பவளுடைய வீட்டு நிலைமையும் அதுதான்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயது கடந்த குழந்தைகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அதன் பெருமையை நான் ஒரு சொல்லும் குறைக்கமாட்டேன். ஆனால் நடந்து வரத் தெரிந்த பிள்ளைக்குத் தட்டில் சோறும் முட்டையும் வைக்கிற அரசு, இன்றும் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பாக்கெட்டைக் கொடுத்தனுப்புவதோடு நின்றுவிடுகிறது. உயரக் குறைவு பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் விழுந்துவிடும் குறைபாடு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 14.6 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். நாட்டின் சராசரியைவிட நம் நிலை மேல் என்று ஆறுதல் சொல்லலாம். நான்கில் ஒரு குழந்தை என்பதை அந்த ஆறுதல் மாற்றிவிடாது.

ஆகவே மாவா பணமா என்ற கேள்விக்கு முன்னால் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இந்த வயதுக் குழந்தையின் வீட்டு வாசலுக்கு மாதம் ஒருமுறையாவது போய், எடையைப் பார்த்து, தாயோடு பேசுவது யார்?

நெல்மணி

அம்மையாரின் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மாறுபடுகிறேன். பணம் கொடுக்கலாம் என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு, கடுமையாக நலிந்த குழந்தைக்கு 12 ரூபாய், ஆண்டுக்கு 300 நாள் என்பது 2017-இல் மத்திய அரசு வைத்த செலவு வரம்பு. மாதத்துக்கு 25 நாள் என்று கொண்டால் குழந்தையின் பங்கு 200 ரூபாய். அந்த 200 ரூபாயைத் தாயிடமே கொடுத்தால் தினம் ஒரு முட்டை வாங்கிவிட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊட்டச்சத்து நிபுணரைக் கேட்டாலும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தினம் ஒரு முட்டை கோதுமை மாவையும் வெல்லத்தையும்விட மேல் என்றுதான் சொல்வார். கொள்முதல், ஆலை, லாரி, கிடங்கு, ஈரத்தில் கட்டியாகிப்போன பாக்கெட் ஆகிய எதுவும் இல்லை. மாவு மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த விவாதத்தை நடத்த முடியாது.

தமிழ்நாடு இதை ஏற்கெனவே செய்தும் காட்டியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என்று உயர்ந்தது. இன்று அதில் 14,000 ரூபாய் பணமாகவும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் போகிறது. ஏழைத் தாய் பணத்தை வீணாக்கிவிடுவாள் என்று நினைத்திருந்தால் எந்த அரசும் அதை அறுபது மடங்கு உயர்த்தியிருக்காது. தாயை நம்புவதே மரியாதை என்பது என் எண்ணம்.

குறிஞ்சிநிலம்

நான் இப்போது அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மாவட்டத்தையும் மையத்தையும் சொல்ல விரும்பவில்லை.

மாடு தின்கிற மாவைப் பற்றி நெல்மணி எழுதியிருக்கிறார். தின்கிறது என்பது உண்மைதான். எந்த வீட்டில் தின்கிறது என்று பார்த்தால், மாவை என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தராத வீட்டில்தான். வாங்கிப் போன முதல் நாள் வெந்நீரில் கலக்கிக் குழந்தைக்குக் கொடுப்பார்கள். பச்சை வாசனையும் திப்பியும் பிடிக்காமல் குழந்தை துப்பிவிடும். அன்றோடு அந்தப் பாக்கெட் பரண் ஏறிவிடும். அதே மாவைச் சிறு தீயில் மணம் வரும்வரை மறுபடி வறுத்து, வெந்நீர் தெளித்துப் பிசிறி, தேங்காய்ப்பூ சேர்த்துப் புட்டாக வேகவைத்துக் கொடுத்தால் மசக்கைக்காரிகூடச் சாப்பிடுகிறாள். ஏற்கெனவே வெல்லம் சேர்ந்திருப்பதால் வேறு இனிப்பு தேவையில்லை. மழைக்காலத்தில் அந்த வெல்லமே ஈரத்தை இழுத்து மாவைக் கட்டிதட்ட வைக்கும் என்பதால், பாக்கெட்டைப் பிரித்த உடனே டப்பாவில் கொட்டி இறுக்கி மூடி வைக்கச் சொல்கிறேன். இவ்வளவையும் வீட்டுக்குப் போய் அடுப்பண்டையில் நின்று காட்டினால்தான் பலிக்கிறது.

போவதற்கு நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். காலையில் மையத்தைத் திறந்து, பிள்ளைகளுக்குக் கதை, பாட்டு, ஆயாவோடு சேர்ந்து சமையல், சோறு போடுதல், படுக்க வைத்தல். 2021-இலிருந்து, அங்கன்வாடிகளுக்கென்று மத்திய அரசு கொடுத்த போஷன் டிராக்கர் என்ற செல்போன் செயலியில் எல்லாவற்றையும் அன்றன்றே பதிவு செய்ய வேண்டும். 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்குக் கொடுக்கும் உணவுக்குத் தாயின் முகத்தைச் செல்போனில் படம் பிடித்து, ஆதார்ப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வழங்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையாக எடுத்த ஆதார்ப் படத்தோடு, பிள்ளை பெற்று இளைத்த முகம் எப்படி ஒத்துப்போகும்? ஆதாரோடு இணைத்த செல்போன் எண் கணவரிடம் இருக்கும். அவர் வேலைக்குப் போன ஊரில் இருப்பார். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அங்கிருந்து சொல்ல வேண்டும். சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கைக்குழந்தையோடு ஒரு தாயை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கும்போது, அவளிடம் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

செம்பருத்தி

எனக்குப் பத்து மாதக் குழந்தை இருக்கிறாள். மாவு வாங்குகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் வழக்கத்தில் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நான் புகுந்த வீடு இருக்கும் கொங்குப் பகுதி நகரத்தில் பதிவு செய்திருந்தேன்; தாய்வீடு டெல்டாப் பகுதிக் கிராமம். அங்கே போனதும் மையத்தில் கேட்டபோது, பெயர் வேறு மையத்தில் இருப்பதால் தர இயலாது என்றார்கள். பிரசவம் முடிந்து குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதுதான் திரும்பி வந்தேன். கர்ப்பத்தின் கடைசி மாதங்களும் பால் கொடுக்கும் முதல் மாதங்களும் ஒரு பிடி மாவும் கிடைக்காமலே கழிந்தன. சமுதாய வளைகாப்பு நடத்தி, வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு போட்டு அனுப்பும் அரசுக்கு, வளைகாப்புக்கு அடுத்து அந்தப் பெண் எங்கே போவாள் என்பது தெரியாதா?

பணமாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இருக்காது என்பது உண்மை. கணக்கு எந்த ஊரில் இருந்தாலும் பணம் வந்துவிடும். ஆனால் மகப்பேறு உதவித் தொகை எனக்கு வந்தபோது, அது குளிர்சாதனப் பெட்டியின் தவணைக்குப் போனது. நான் ஊதாரி என்று நினைக்க வேண்டாம். வீட்டில் வரும் பணம் எல்லாம் ஒரே பையில்தான் விழுகிறது. அதிலிருந்து எடுத்து எனக்கென்று தினம் ஒரு முட்டை வாங்கித் தின்பதற்கு, மாமியார், மாமனார், நாத்தனார் எல்லோரும் இருக்கும் வீட்டில் எனக்குத் துணிவு வரவில்லை. மாவு அப்படியில்லை. "இது பிள்ளைக்காரிக்கு அங்கன்வாடியில் கொடுத்தது" என்று மாமியாரே எடுத்துக் கூழ் காய்ச்சித் தந்தார்.

தாய்வீட்டில் பத்தியம் என்ற பெயரில் கீரை, பழம், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார்கள். பூண்டுக் குழம்பும் சோறுமாகவே நாள்கள் போயின. அப்போது யாராவது வந்து அம்மாவிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். என் பேச்சை அவர் கேட்கவில்லை. வைகைக்கரை அம்மா எழுதியதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்.

வேப்பமரம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். பாக்கெட்டில் இருப்பதையும் குழந்தைக்குத் தேவைப்படுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சில கணக்குகளைத் தருகிறேன்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, பாலுக்கு மேல் தேவைப்படும் உணவு ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி. ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300. ஒரு வயது முதல் இரண்டு வயது வரை 550 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை எல்லோருக்கும் 500 கலோரி என்கிறது. ஏழு மாதக் குழந்தைக்கு அது தேவைக்கும் இரு மடங்குக்கு மேல். மிச்சம் யார் வாய்க்குப் போனாலும் குற்றமில்லை. ஒன்றரை வயதுக் குழந்தைக்கோ அது ஏறக்குறைய முழுத் தேவை. ஆனால் அந்த 500 கலோரிக்குச் சுமார் 130 கிராம் மாவு வேண்டும், அதைத் தண்ணீராகக் கரைத்துக் கூழாக்கினால் அந்தச் சின்ன வயிறு கொள்ளாது. கூழ் கெட்டியாக இருக்கட்டும், கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கட்டும், இறக்கும்போது ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விடட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வீட்டிலேயே முளைகட்டி உலர்த்திய கேழ்வரகு மாவைக் கொஞ்சம் சேர்த்தால் கெட்டிக் கூழும் இளகிவிடும். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், அதே கிண்ணத்தில் கூடுதலான மாவை விழுங்கச் செய்யலாம். நம் பாட்டிமார் இதைத் தெரிந்தே செய்தார்கள்.

இரும்புச்சத்துதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. குழந்தை பிறக்கும்போது கொண்டுவரும் இரும்பு இருப்பு ஆறு மாத அளவில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு தானியக் கூழிலிருந்து கிடைக்கும் இரும்பு உடலில் சேர்வது குறைவு. அதே தேசிய ஆய்வில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும், கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை. ஈரல், முட்டை, சிறு மீன் ஆகியவை எட்டு மாதத்திலிருந்தே மசித்துக் கொடுக்கக்கூடியவை. நம் வீடுகளிலோ "பல் முளைக்கட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். ஒடிசாவில் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துவா மாவோடு முட்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நெல்மணி முட்டையைப் பற்றிச் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். முட்டையை முட்டையாகவே கொடுத்துவிடலாம் என்பதுதான் என் வேறுபாடு.

தாயைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதத்தில் நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதத்தில் 520 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வரையறுத்திருக்கிறது. சட்டப்படியான தாயின் உணவு குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தோடு முடிகிறது. ஏழாம் மாதம் அவள் உடம்பு சுரக்கும் பாலுக்கு யார் ஈடு கொடுப்பது?

நெல்மணி

செம்பருத்தி அவர்கள் எழுதியதை மறுக்க என்னிடம் சொல் இல்லை. கணக்கு தாயின் பெயரில் இருந்தாலும் முடிவு அவளுடையதாக இருப்பதில்லை என்பதை நான் குறைத்து எடைபோட முடியாது. ஆயினும் மாவின் தரத்தை யார் கேட்பது என்ற கேள்வி நிற்கிறது. பணம் வராவிட்டால் வரவில்லை என்று தெரியும். மாவில் கடலை குறைந்து கோதுமை கூடினால் யாருக்குத் தெரியும்? ஆலைக்காரர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் போகிற பணத்தைத் தாயிடம் கொடுங்கள் என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை.

கல்தூண்

ஒப்பந்ததாரர் பிரச்சினைக்கு உச்ச நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபர் 7 அன்று, அங்கன்வாடி உணவு வழங்க ஒப்பந்ததாரர்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும், ஊர்ச் சமூகம், சுய உதவிக் குழுக்கள், மகளிர் மன்றங்கள் வழியாகவே வாங்கிச் சமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கேரளத்தில் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் என்ற பெயரில் கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்ந்த மாவைக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் சிறு சிறு அலகுகளாக அரைத்துக் கொடுக்கிறார்கள். மாவு எங்கே அரைபடுகிறது, அரைப்பவர் யார் என்பது ஊருக்குத் தெரியும்போது, தரத்தைக் கேட்கவும் ஆள் இருக்கிறது. நம்மிடமும் மகளிர் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் இந்த மாவை ஆக்குகின்றன. அவற்றை விரிவாக்குவதே தீர்வு, மாவையே எடுத்துவிடுவது ஆகாது.

பணம் பற்றிய என் அச்சம் வேறு. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இரண்டு உரிமைகளைத் தருகிறது: கர்ப்ப காலம் முழுவதும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமும் இலவச உணவு, 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று உதவி. உணவு உரிமை அட்டவணை 2-இல் கலோரியாகவும் புரதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது: தாய்க்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம், குழந்தைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம், நலிந்த குழந்தைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். பருப்பு விலை ஏறினாலும் 600 கலோரி என்பது 600 கலோரிதான். 2023 ஜனவரியில் அந்த அட்டவணையைத் திருத்தியபோது நுண்சத்துகளையும் தரமான புரதத்தையும் சேர்த்து, உரிமையை மேலும் செறிவாக்கினார்கள்.

பண உரிமை என்ன ஆனது என்று பாருங்கள். 2013-இல் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று சட்டம் சொன்னது. 2017-இல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருக்கியது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய் சேர்க்கப்பட்டது. முதல் குழந்தையின் 5,000 அப்படியே நிற்கிறது. முத்துலட்சுமி ரெட்டி திட்டம் ஆட்சிகள் மாறியும் உயர்ந்தது உண்மை. அதுவும் 2018-க்குப் பிறகு 18,000-லேயே நிற்கிறது. நாளொன்றுக்கு 8 ரூபாய் என்ற வரம்பை உயர்த்தப்போவதாக 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் நிதியமைச்சர் சொன்னார். மாவை எடுத்துவிட்டு 200 ரூபாயைக் கையில் கொடுத்திருந்தால், இத்தனை ஆண்டு விலையேற்றத்தில் அது ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, தேய்ந்ததே தெரியாமல் போயிருக்கும். எடையில் எழுதிய உரிமையைக் குறைக்கும்போது தாய்க்குக் கையிலேயே தெரிகிறது.

முகப்பதிவு பற்றிக் குறிஞ்சிநிலம் அம்மா எழுதியதற்கும் ஒரு சொல். 2018 செப்டம்பர் 26 ஆதார்த் தீர்ப்பில், ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் எந்தத் திட்டப் பயனையும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தையின் மாவு தாயின் முகத்தில் வந்து நிற்கிறது என்றால், அந்தத் தீர்ப்பின் உட்பொருள் மீறப்படுகிறது என்பதே என் வாசிப்பு.

மலைச்சாரல்

வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது என்பதற்காக இதை எழுதுகிறேன். தெலங்கானாவில் 2015 ஜனவரி 1 முதல் ஆரோக்கிய லட்சுமி திட்டமும், நான் சில காலம் வேலை செய்த கர்நாடகத்தில் 2017 அக்டோபர் 2 முதல் மாத்ருபூர்ணா திட்டமும், கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் அங்கன்வாடிக்கே வரவழைத்து, சோறு, சாம்பார், காய்கறி, முட்டை, 200 மில்லி பால் என்று ஒரு வேளை முழுச் சாப்பாடு போடுகின்றன. பெண் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த தட்டில், மற்றவர்களுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள். செம்பருத்தி சொன்ன அந்தத் துணிவின்மைக்கு இதைவிட நேரடியான மருந்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் மலைநாட்டுப் பகுதியில் வீடுகள் தோட்டந்தோட்டமாகச் சிதறிக் கிடக்கும். நிறைமாதத்தில் மழையில் ஏறி இறங்கி வர முடியாது. பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக் கூடாது என்ற வழக்கமும் உண்டு. எவள் மிகவும் பலவீனமாக இருக்கிறாளோ அவளுடைய தட்டுதான் முதலில் காலியாக இருந்தது. கூலிக்குப் போகும் பெண்ணுக்கு நண்பகலில் மையத்துக்கு வந்துபோவது அரைநாள் கூலியை இழப்பதாகும். கூடி வாழும் ஊர்களிலும் நகரத்துக் குடியிருப்புகளிலும் இந்த முறை நன்றாக நடக்கும், எல்லா இடத்திலும் நடக்காது என்பதே என் முடிவு.

வைகைக்கரை

எல்லோருடைய பதிவையும் நிதானமாகப் படித்தேன். சூடான சோறு, முட்டை, மாவு, பணம் ஆகிய எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது என்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் பணியாளரின் நேரம் எங்கே போகிறது என்று குறிஞ்சிநிலம் எழுதியதைத் தாண்டி எதுவும் நகராது.

பழைய திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1997-இல் முடிந்து, எல்லாம் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தோடு கலந்தபோது, மூன்று வயதுக்குட்பட்டவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பணியாளர் பாலர் கல்வியையும் சமையலையும் பதிவேடுகளையும் சேர்த்துச் சுமக்கும் பணியாளரானார். எடை போடுவது நிற்கவில்லை. எடை இறங்கியதும் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போவதுதான் நின்றது. இன்று எடை செயலிக்குள் போகிறது. அங்கிருந்து வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் போகிறது. குழந்தையின் பாட்டியிடம் மட்டும் போவதில்லை. தாயிடம் அந்த வளர்ச்சிக் கோட்டைக் காட்டி, இது போன மாதம், இது இந்த மாதம், கோடு கீழே திரும்பியிருக்கிறது பார் என்று விரல் வைத்துக் காட்டுவோம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அந்தக் கோட்டைப் படித்தார்கள்.

2022 மே மாதம் உதகையில் தொடங்கி, 2024 நவம்பரில் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இரண்டாம் கட்டத்துக்கு வந்த "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டம் எனக்குச் சற்று நம்பிக்கை தருகிறது. நலிந்த குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்து மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்துவதோடு, ஆறு மாதத்துக்குட்பட்ட நலிந்த குழந்தையின் தாய்க்கே புரதப் பொடி, நெய், பேரீச்சை, இரும்புச்சத்து மருந்து அடங்கிய பெட்டகம் கொடுக்கிறார்கள். குழந்தையைத் தேற்ற வேண்டுமானால் தாய்க்கு ஊட்ட வேண்டும் என்ற சரியான எண்ணம் அதில் இருக்கிறது. இது நலிந்த பிறகு செய்வது. நலியத் தொடங்கும் மாதத்திலேயே செய்வதற்கு, ஒவ்வொரு மையத்திலும் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே இரண்டாவதாக ஒரு பணியாளர் வேண்டும். அவருக்குச் செயலி வேலை கூடாது, சமையல் கூடாது. காலையில் நான்கு வீடு, மாலையில் நான்கு வீடு, அடுப்பண்டையில் உட்கார்ந்து பேச வேண்டும். அவருக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் கிள்ளித் தராமல், முறையான சம்பளம் தர வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகும், இவர்களைத் தொண்டர்கள் என்று அழைப்பது நியாயமில்லை. இதற்கு ஆகும் செலவை நெல்மணி கணக்கிட்டுத் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். அவர் கணக்கில் நேர்மையானவர் என்று இந்த இழையில் தெரிந்துகொண்டேன்.

நெல்மணி

கட்டாயம் செய்கிறேன். சம்பளம், பயணப்படி, எடைக்கருவி ஆகியவற்றைத் தனித்தனியாகப் போட்டு, புதிய இழையில் அட்டவணையாக இடுகிறேன். மாவை எடுத்துவிட்டுப் பணம் என்பதை இனி நான் வற்புறுத்தவில்லை; தாய்வீட்டுக்குப் போகும் மாதங்களுக்கும், இடம்பெயர்ந்து வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கும் பணம் வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக நிற்கிறேன். செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தை எந்த மையமும் தேடிப் போவதில்லை.

செம்பருத்தி

கல்தூண் ஐயாவிடம் ஒரு கேள்வி. என் தங்கைக்கு இப்போது எட்டாம் மாதம். இந்த வாரம் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அதே மையத்தில் அவளுக்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்ன செய்ய வேண்டும்?

கல்தூண்

முதலில் குறிஞ்சிநிலம் அம்மா போன்ற ஒருவரிடம் கேட்டுச் செயலியில் பெயரை இடமாற்றம் செய்ய வழி பாருங்கள்; புகுந்த வீட்டு மையத்துப் பணியாளர் விடுவித்தால் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். மையத்துப் பணியாளரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவருக்கு இருப்புக் கணக்கு உதைக்கும் என்ற பயம் இருக்கும்.

முடியவில்லை என்றால், வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு பக்க மனு போதும். தங்கையின் பெயர், கர்ப்பப் பதிவு எண், இப்போது தங்கியிருக்கும் முகவரி, மையத்தில் கேட்ட தேதி, மறுத்தார்கள் என்ற செய்தி ஆகியவற்றை எழுதி, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி உணவு கோருகிறேன் என்றும், வழங்கப்படாவிட்டால் 8-ஆம் பிரிவின்கீழ் உணவுப் பாதுகாப்புப் படி (உணவு தராததற்கு ஈடான பணம்) கோருகிறேன் என்றும் குறிப்பிடுங்கள். இந்த உணவுக்கு வறுமைக் கோடு, குடும்ப அட்டையின் நிறம் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. பதில் வராவிட்டால் 15-ஆம் பிரிவின்கீழ் மாவட்டக் குறைதீர் அலுவலரிடமும், அதற்கு மேல் மாநில உணவு ஆணையத்திடமும் போகலாம். மனுவைக் கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.